கொழும்பில் புதிதாக ஒரு ஸ்ட்ரீமிங் சேவை: காசு கட்டுவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஏதாவது ஒரு ஸ்ட்ரீமிங் சேவை "இனி இலங்கையிலும்" என்று அறிவித்தால் போதும், அன்றைக்கே என் ஃபோன் அடிக்கத் தொடங்கிவிடும். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் பாதி வீடுகளின் டிவிக்கு இணையம் பூட்டிக் கொடுத்தது நான்தான், அதனால் மாடிப்படியில் கண்டாலும் அன்ரிமார் நிறுத்திவைத்துக் கேட்பார்கள். சேவையின் பெயர்தான் மாறுகிறது, கேள்விகள் மாறுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் நெட்ஃபிளிக்ஸையும் பிரைம் வீடியோவையும் எடுத்திருக்கிறேன், ஏனென்றால் அந்த இரண்டும் இங்கே வந்த கதை முழுதாகக் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

"இலங்கைக்கு வந்துவிட்டது" என்றால் உண்மையில் என்ன வந்தது?

2016 ஜனவரி 6ஆம் திகதி லாஸ் வேகஸில் நடந்த சிஇஎஸ் என்ற மின்னணுக் கருவிக் கண்காட்சி மேடையில் நெட்ஃபிளிக்ஸின் அப்போதைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே 130 புதிய நாடுகளில் சேவையைத் திறந்துவிட்டார்கள். அந்த 130இல் நாங்களும் ஒன்று. சீனா, கிரைமியா, வட கொரியா, சிரியா தவிர உலகம் முழுவதும் திறந்தாயிற்று என்றார்கள். அதாவது இலங்கையைப் பார்த்து, இங்கே யார் இருக்கிறார்கள், என்ன மொழி பேசுகிறார்கள், எவ்வளவு காசு கட்டுவார்கள் என்று யோசித்து யாரும் வரவில்லை. அன்றைக்கு அவர்கள் ஆதரித்த மொழிகள் 21. அரபு, கொரியன், இரண்டு வகைச் சீனம் எல்லாம் அன்று புதிதாகச் சேர்ந்தன, தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. விலை டொலரில் இருந்தது. அதே வருடம் டிசம்பர் 14ஆம் திகதி பிரைம் வீடியோவும் இதே மாதிரி ஒரே நாளில் 200க்கு மேற்பட்ட நாடுகளுக்குத் திறந்தது, அதிலும் நாங்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள்.

ஆகவே வந்தது என்னவென்றால், "உங்கள் நாட்டில் இந்தச் சேவை இல்லை" என்ற பக்கம் போய், கார்ட் இலக்கத்தைக் கேட்கும் பக்கம் வந்தது. இதை நான் சின்ன விஷயமாகச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் காலி வீதியில் டிவிடி கடைக்குப் போய், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவந்த ஆட்கள் நாங்கள். நேர்மையாகக் காசு கட்டிப் பார்க்க ஒரு வழி திறந்தது பெரிய காரியம்தான். ஆனால் எங்களுக்காக வந்ததா என்று பார்க்க நான் மூன்று விஷயம் பார்ப்பேன்: விலை ரூபாயில் இருக்கிறதா, தமிழிலோ சிங்களத்திலோ எழுத்தும் குரலும் இருக்கிறதா, இந்த நாட்டில் எடுத்த படம் ஒன்றாவது உள்ளே இருக்கிறதா.

விலை டொலரில் இருந்தால் என்ன, எப்படியும் ரூபாயாக மாற்றித்தானே எடுக்கிறார்கள்?

மாற்றித்தான் எடுக்கிறார்கள், பிரச்சினையே அங்கேதான். நெட்ஃபிளிக்ஸ் வந்த நேரம் ஆகக் குறைந்த பொதி 7.99 டொலர். அப்போது ஒரு டொலர் கிட்டத்தட்ட 144 ரூபாய், ஆகவே மாதம் 1150 ரூபாய் அளவில். 2022 மே மாதம் டொலர் 360 ரூபாய்க்குப் போனதே, அந்தக் கணக்கில் அதே 7.99 டொலருக்கு 2870 ரூபாய்க்கு மேல். கொம்பனி ஒரு சதம் கூட்டத் தேவையில்லை, எங்கள் வீட்டுச் செலவு இரண்டரை மடங்காகிவிடும். அந்த மாதங்களில் பால்மா வாங்கவும் காஸ் சிலிண்டருக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இதற்கு மேல் உங்கள் வங்கி வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கென்று தன் கட்டணத்தைப் போடும், முத்திரை வரியும் வரும். மாற்று விகிதமும் செய்தியில் சொல்கிற விகிதம் இல்லை, கார்டுக்கென்று வங்கி வைத்திருக்கும் விகிதம், அது எப்போதும் கொஞ்சம் கூட. அப்புறம் வட் வரி. 2024 ஜனவரியிலிருந்து வட் 18 வீதம், வெளிநாட்டுக் கொம்பனிகள் இணையத்தில் விற்கும் சேவைகளையும் அதற்குள் கொண்டுவரச் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். 2025 ஒக்டோபர் 1 என்று முதலில் வைத்த திகதி தள்ளிப்போனது. எந்தச் சேவையை எடுத்தாலும் விளம்பரத்தில் உள்ள விலையோடு இதையெல்லாம் சேர்த்து, என்ன வரும் என்று ஒரு கடதாசியில் எழுதிப் பாருங்கள். ரூபாயில் விலை வைத்திருக்கும் சேவை பார்வைக்குக் கொஞ்சம் கூடத் தெரிந்தாலும், அடுத்த மாதமும் அதே தொகைதான் போகும் என்ற நிம்மதிக்காக நான் அதைத்தான் எடுப்பேன்.

என் டெபிட் கார்டை ஏற்கவில்லை, ஏன்?

பெரும்பாலும் கார்டில் ஒன்லைன் அல்லது வெளிநாட்டுக் கொடுப்பனவு மூடியிருக்கும். வங்கியின் அப்பில் திறக்கலாம், இல்லாவிட்டால் கிளைக்குப் போய்ச் சொல்லுங்கள். கணக்கில் சரியாகக் கட்டணத்துக்கு மட்டும் காசு இருந்தாலும் சிலவேளை போகாது, மேலே சொன்ன கட்டணங்களுக்கும் இடம் வேண்டும். இன்னொன்று, சம்பளம் விழும் கணக்கின் கார்டைக் கொடுக்காதீர்கள். சின்னச் சேமிப்புக் கணக்கொன்றின் கார்டைக் கொடுத்து, மாதம் ஒருமுறை அதற்குள் தேவையான தொகையை மட்டும் போடுங்கள்.

டேட்டா எவ்வளவு போகும்?

இதுதான் எல்லோரும் கடைசியில் கேட்பது, முதலில் கேட்க வேண்டியது. நெட்ஃபிளிக்ஸே சொல்லும் கணக்கு இது: சாதாரண தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டியில் 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை. இரவுச் சாப்பாட்டோடு தினம் இரண்டு மணித்தியாலம் எச்டியில் பார்க்கும் வீட்டுக்கு மாதம் 180 ஜிபி. அதையே சாதாரண தரத்தில் பார்த்தால் 60 ஜிபி. 32 அங்குல டிவியில், பத்தடி தள்ளியிருந்து பார்க்கும்போது இந்த இரண்டுக்கும் வித்தியாசம் எங்கள் அப்பாவுக்குத் தெரியவேயில்லை, நான் மாற்றிவைத்து மூன்று மாதம் கழித்துத்தான் அவரிடம் சொன்னேன்.

கணக்குக்குள் போய், ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனியாக டேட்டா அளவைக் குறைக்கலாம். டிவியில் இந்த இடம் தெரியாது, ஃபோனிலோ கம்பியூட்டரிலோ பிரவுசரில் திறந்து செய்ய வேண்டும். வேகம் பெரிதாகத் தேவையில்லை: எச்டிக்கு 3இலிருந்து 5 எம்பிபிஎஸ் போதும், 4கேக்கு 15. ஃபோனில் மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்கள் "சேவ் டேட்டா" என்பதைப் போட்டால் 1 ஜிபிக்கு ஆறு மணித்தியாலம் அளவில் ஓடும்.

பகல், இரவு என்று பிரித்துத் தரும் பொதி உங்களுடையது என்றால், இரவு 12க்குப் பிறகு ஃபோனிலோ டேப்லட்டிலோ தரவிறக்கி வைத்துவிட்டு அடுத்த நாள் பாருங்கள். மின்வெட்டுக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம், 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது டேப்லட்டில் இருந்த நாலு எபிசோடுதான் பிள்ளைகளைப் பேசாமல் இருக்க வைத்தது.

எல்லா இணையமும் நத்தையாக இருக்கும் நேரத்தில் படம் மட்டும் தடையில்லாமல் ஓடுகிறதே, எப்படி?

எங்கள் நாட்டு இணையம் கடலடி வடங்களில் வருகிறது, கல்கிசையிலும் மாத்தறையிலும் கொழும்பிலும் கரையேறும் வடங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு படமும் அந்த வழியாகவே வந்தால் தாங்காது. ஆகவே பெரிய சேவைகள், கூட்டம் இல்லாத நேரத்தில் படங்களைக் கொண்டுவந்து, இணையம் தரும் கொம்பனியின் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்கும் கம்பியூட்டர் பெட்டிகளில் நிரப்பிவைக்கும். நெட்ஃபிளிக்ஸ் இதற்கு ஓப்பன் கனெக்ட் என்று பெயர் வைத்திருக்கிறது, போதிய பாவனை உள்ள கொம்பனிகளுக்குப் பெட்டியை இலவசமாகவே கொடுக்கிறது. புதுச் சேவை ஒன்று வந்த முதல் வாரங்களில் படம் சுற்றிச் சுற்றி நின்றால், இந்தப் பக்க வேலை இன்னும் முடியவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். உடனே ரவுட்டரை மாற்றாதீர்கள்.

டிவிக்குப் பூட்டும் 4கே பொக்ஸ் வாங்கினேன், படம் ஏன் கலங்கலாக இருக்கிறது?

மூன்றாம் மாடி அன்ரி வீட்டில் நடந்தது இது. "தம்பி, கண்ணாடியை மாத்தவேணுமோ தெரியாது, எல்லாம் மங்கலா இருக்கு" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், பொக்ஸின் பெட்டியில் 4கே என்று தங்க எழுத்தில் பெரிதாக இருக்கிறது, திரையில் நடிகையின் சேலைக் கரை ஒரே சிவப்புக் கோடாகக் கரைந்து கிடக்கிறது. யூடியூப் போட்டால் பளிச்சென்று இருக்கிறது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. காசு வாங்கும் சேவைகள் களவாகப் பிரதி எடுக்காமல் இருக்க வைட்வைன் என்ற பூட்டைப் பாவிக்கின்றன. அதில் எல்1 என்ற தரச்சான்று உள்ள கருவிக்குத்தான் எச்டியும் 4கேயும் அனுப்புவார்கள். மலிவு பொக்ஸ்களில் பெரும்பாலும் எல்3தான், அதற்கு 480பி என்ற சாதாரண தரத்துக்கு மேல் கிடையாது, நீங்கள் எவ்வளவு பெரிய பொதிக்குக் காசு கட்டினாலும் சரி. அன்ரி ஆகக் கூடிய பொதிக்கு ஏழு மாதம் கட்டியிருந்தார். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

யூனிட்டி பிளாசாவில் வாங்கப் போனால் கடைக்காரரிடம் "நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் ஓடுமா, போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். "டிஆர்எம் இன்ஃபோ" என்ற இலவச அப்பைப் போட்டால் எல்1 இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். அப்படி இருந்தும் அந்தந்தச் சேவை தனியாக அனுமதிக்காத மொடல்களில் சிலவேளை ஓடாது, ஆகவே போட்டுக் காட்டச் சொல்வதுதான் நிச்சயமான வழி.

சென்னையில் இருக்கும் சித்தி பார்க்கும் படம் எனக்கு ஏன் வரவில்லை?

படத்தின் உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது. ஒரு தமிழ்ப் படத்தின் ஒன்லைன் உரிமையை இந்தியாவுக்கு ஒருவர் வாங்குவார், வெளிநாடுகளுக்கு இன்னொருவர் வாங்குவார். இலங்கை எந்தப் பக்கத்தில் விழும் என்பது அந்தந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எங்கள் சந்தை சின்னது என்பதால் சிலவேளை எந்தப் பக்கத்திலும் பெயர் இல்லாமல் போய்விடும். சேவை தானே காசு போட்டு எடுத்த படங்கள் பெரும்பாலும் எல்லா நாட்டிலும் கிடைக்கும், மற்றவை வரும், போகும். ஆகவே காசு கட்டுவதற்கு முன்னால், நீங்கள் பார்க்க நினைக்கும் ஐந்து படங்களின் பெயரை எழுதி, ஒவ்வொன்றும் இலங்கையில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஐந்தில் இரண்டுகூட இல்லாவிட்டால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டும் விபிஎன் போட்டால் சரிதானே?

2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும் சமூக வலைத்தளங்களை முடக்கியதால் இங்கே அம்மம்மாமாருக்கும் விபிஎன் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் ஸ்ட்ரீமிங் சேவைகள் அதைக் கண்டுபிடித்துத் தடுப்பார்கள். நெட்ஃபிளிக்ஸ் 130 நாடுகளுக்கு வந்து எட்டே நாளில், 2016 ஜனவரி 14இல், இதைத் தடுக்கப்போவதாக அறிவித்துவிட்டது. இலவச விபிஎன் அப்புகள் உங்கள் விவரங்களைத்தான் விலையாக எடுக்கின்றன, கார்ட் இலக்கம் போடும் ஃபோனில் அவற்றை வைக்காதீர்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் கணக்கில் நாங்களும் பார்க்கலாமா?

பல வருடம் எங்கள் குடும்பங்கள் எல்லாம் இப்படித்தான் பார்த்தன. ஒரு கணக்கு, அக்கா ரொறன்ரோவில், அண்ணா லண்டனில், அம்மா வெள்ளவத்தையில். 2023 மே மாதம் நெட்ஃபிளிக்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இதை நிறுத்தத் தொடங்கியது, ஜூலையில் மீதி நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கும் கொண்டுபோனது. ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான், அந்த வீடு எது என்பதை டிவி இருக்கும் இணைய இணைப்பை வைத்துக் கணிக்கிறார்கள். சேவை புதிதாக இருக்கும்போது கண்டுகொள்ளாமல் விடுவார்கள், பிறகு இறுக்குவார்கள், ஆகவே இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அக்காவுக்கு உதவ விருப்பம் என்றால் இங்கே தனிக் கணக்கு எடுத்துவிட்டு அங்கிருந்து காசை அனுப்பச் சொல்லுங்கள்.

ஃபேஸ்புக்கில் சில நூறு ரூபாய்க்கு ஒரு மாதக் கணக்கு விற்கிறார்களே?

வாங்காதீர்கள். ஒரே கணக்கைப் பலருக்குத் துண்டு போட்டு விற்பார்கள், சிலவேளை அது களவெடுத்த கார்டில் திறந்த கணக்காக இருக்கும். என் மச்சான் ஒருவன் ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினான், ஐந்தாவது வாரம் பாஸ்வேர்ட் மாறிவிட்டது, விற்றவரின் பக்கமும் காணாமல் போனது. போன காசைக்கூட விடலாம், அவன் தன் மின்னஞ்சலிலும் அதே பாஸ்வேர்டைத்தான் வைத்திருந்தான்.

கிரிக்கெட் வருமா?

விளையாட்டு உரிமை முற்றிலும் வேறு வியாபாரம், தொடர் தொடராக, நாடு நாடாக விற்கிறார்கள். கிரிக்கெட்டுக்காக மட்டும் எடுப்பதென்றால் அடுத்த தொடர் எந்தச் சேவையில் என்று அறிவிக்கும் வரை பொறுங்கள்.

அப்போ பியோ டிவியையும் டயலொக் டிவியையும் வெட்டிவிடலாமா?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வேண்டாம். சக்தியில் செய்தி, வசந்தத்தில் நேரலை, சென்னைச் சனல்களின் பின்னேரத் தொடர்கள், இதெல்லாம் வெளிநாட்டு ஸ்ட்ரீமிங் சேவைக்குள் வராது. ரிமோட்டில் இலக்கத்தை அழுத்தினால் உடனே குரல் கேட்க வேண்டும் அவர்களுக்கு, வீட்டில் எதையாவது தேர்ந்தெடுக்கச் சொல்லி ஐம்பது படங்களை வரிசையாகக் காட்டினால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். தனியாக இருக்கும் இளம் ஆட்கள் வேண்டுமானால் வெட்டலாம்.

தமிழ்க் குரல், தமிழ் எழுத்து இருக்கிறதா?

முன்பைவிட நிறைய இருக்கிறது, கொரியத் தொடர்கள்கூடத் தமிழில் பேசுகின்றன. ஆனால் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை. 2025 வரை நெட்ஃபிளிக்ஸ் டிவியில் ஒரு படத்துக்கு இருந்த எல்லா மொழிகளையும் காட்டவில்லை, உங்கள் இடத்தையும் மொழித் தெரிவையும் பார்த்துச் சிலவற்றைத்தான் காட்டியது. புரொஃபைலின் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழை விருப்ப மொழியாகச் சேருங்கள், அப்போது தமிழ் மேலே வரும். என் அம்மாவுக்கு இதைச் செய்து கொடுத்த அன்று "இவ்வளவு நாளும் இது எங்க இருந்தது?" என்று கேட்டார். ஒரு குறை, பேச்சு முழுக்கச் சென்னைத் தமிழ். எங்கள் தமிழில் கதைக்கும் பாத்திரம் வந்தால் அதுவும் பெரும்பாலும் போரைப் பற்றிய படத்தில்தான் வருகிறது.

எங்கள் நாட்டுத் தமிழ்ப் படங்கள் வருமா?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இது. 1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. தமிழர் ஒருவர் கட்டியெழுப்பிச் சிங்களப் படங்களும் எடுத்த இடம் அது. அதற்குப் பிறகு வந்த முப்பது வருடத்தில் இங்கே தமிழில் படம் எடுப்பது, எடுத்தாலும் தியேட்டர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தத் துறையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்றைக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் பொடியன்மாரும் பிள்ளைகளும் சின்னக் கமராவில் நல்ல குறும்படங்கள் எடுக்கிறார்கள், யூடியூப்பில் போடுகிறார்கள், அதோடு நிற்கிறது. ஒரு பெரிய சேவைக்கு அவற்றில் பத்தை வாங்குவது அவர்கள் ஒரு தொடருக்குச் செலவழிப்பதில் தூசுக்கும் வராது. இங்கே அவர்களுக்கு ஆள் இல்லாததால், யார் கதவைத் தட்டுவது என்றே எடுப்பவர்களுக்குத் தெரியாது.

பிடிக்காவிட்டால் நிறுத்துவது எப்படி?

கணக்குக்குள் போய் ரத்துச் செய்யுங்கள். அப்பை அழித்தால் கணக்கு நிற்காது, மாதா மாதம் காசு போய்க்கொண்டே இருக்கும். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் இரண்டிலும் நடுவில் ரத்துச் செய்தாலும் கட்டிய காலம் முடியும் வரை பார்க்கலாம், ஆகவே சேர்ந்த அன்றே ரத்துச் செய்துவைப்பவர்களும் உண்டு, நானும் அப்படித்தான். ஒரு மாதம் ஒரு சேவை, பார்த்து முடித்ததும் நிறுத்தி அடுத்த மாதம் இன்னொன்று. வருடச் சந்தாவைப் புதுச் சேவைக்கு ஒருபோதும் கட்டாதீர்கள்.

நாங்கள் அவர்களுக்கு ஏதாவது சொல்ல வழி இருக்கிறதா?

இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸின் உதவிப் பகுதியில் "எந்தப் படம் வேண்டும்" என்று கேட்கும் பக்கம் ஒன்று உண்டு, ஒரு தடவைக்கு மூன்று பெயர்கள் வரை எழுதலாம். மற்றச் சேவைகளுக்கு உதவி அரட்டையில் எழுதுங்கள். சேவை புதிதாக வந்த முதல் மாதங்களில் எழுதுவது நல்லது, அப்போதுதான் எந்த நாட்டில் என்ன தேடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். சேவையின் தேடல் பெட்டியில் இலங்கைப் படங்களின் பெயரைப் போட்டும் தேடுங்கள், "இல்லை" என்று வந்தாலும் பரவாயில்லை. எங்கள் ஃபிளாட்டில் ஏழு வீடுகளுக்கு நான் அந்த "எந்தப் படம் வேண்டும்" பக்கத்தை ஃபோனில் திறந்து கொடுத்திருக்கிறேன். மூன்றாம் மாடி அன்ரி மூன்று பெயர் எழுதிவிட்டு, "இன்னும் ரெண்டு இருக்கு தம்பி, நாளைக்கும் வாறீங்களே?" என்று கேட்டார்.